ஒரு கட்டை மேலே

கீபோர்டை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மூன்று வருடமும் நான் காய்ந்த பனியன் துணியால்தான் துடைத்தேன். அதுவும் துவைத்த பனியன். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், நீங்கள் கொடுத்த படிவத்தின் தலைப்பு ‘கல்லூரி உடைமைக்குச் சேதம் விளைவித்தது தொடர்பாக மாணவர் விளக்கம்’ என்று இருக்கிறது. சேதம் எதுவும் இல்லை. அறுபத்தொரு விசைகளும் என் கைக்கு வந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. இடது ஓரத்தில் ஒரு பேனாக் கீறல் உண்டு. அது எனக்கு முந்தைய காலத்தது.

‘காரணம்’ என்ற இடத்தில் இரண்டு வரிகளுக்கு மிகாமல் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். முயன்று பார்த்தேன். இரண்டாவது வரி ‘ஏனென்றால்’ என்பதில் முடிந்தது. ஆகவே தனித் தாள்கள் இணைத்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவு. கல்லூரி சேர்ந்திசைக் குழுவில் முதலாமாண்டு மாணவி ஒருத்தி புல்லாங்குழல் வாசிக்கிறாள். கீபோர்டோடு அவள் குழல் சேரவில்லை. குழல் கெட்டுவிட்டது, வேறு கொண்டுவா என்றார்கள். அதுவும் சேரவில்லை. அடுத்து அவள் காதில்தான் கோளாறு என்று முடிவுசெய்து மருத்துவரிடம் அனுப்பினார்கள். காது நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் யாரோ கீபோர்டின் அமைப்புப் பட்டியலை (செட்டிங்ஸ்) திறந்து பார்த்திருக்கிறார்கள். கீபோர்டின் சுருதி ஒரு முழுக் கட்டை மேலே ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு குழல்கள், ஒரு பெண், ஒரு மருத்துவர் எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான் நமக்கு இயந்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. இதை நான் முன்பே கவனித்திருந்தேன்.

ஏற்றியது நான்தான்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் விசாரணையின்போது இயற்பியல் மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஏன்ப்பா இப்படிப் பண்ணினே?” என்று கேட்டார். மூன்று வருடத்தில் இசை விஷயமாக என்னிடம் யாரும் ‘ஏன்’ என்று கேட்டதில்லை. ‘எப்ப நிறுத்துவே’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எனவே முழுவதும் சொல்கிறேன்.

ராக் இசையில் ‘பவர் பேலட்’ என்று ஒரு வகை உண்டு. முடி நீளமாக வளர்த்தவர்கள், அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள், சற்று உட்கார்ந்து அழுவதற்காக வைத்துக்கொண்டது. எங்கள் டிரம்மர் இதைக் ‘கரண்ட் போட்ட ஒப்பாரி’ என்பான். விளக்கத்தில் தவறில்லை. இதன் அமைப்பு ரொம்பக் கண்டிப்பானது. முதலில் பியானோ மட்டும், அல்லது ஒற்றைக் கிதார். பாடுகிறவன் காதருகே பேசுவதுபோல் தொடங்க வேண்டும். முதல் சரணத்தில் டிரம்ஸ் வரவே கூடாது. டிரம்மர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். (எங்களுடையவன் அந்த நேரத்தில் பிஸ்கட் சாப்பிடுவான்.) இரண்டாவது பல்லவியில் எல்லாரும் ஒரேயடியாக உள்ளே விழ வேண்டும். பிறகு கிதார் தனியாக அழும். அது ஓய்ந்ததும் ஒன்றரை நொடி நிசப்தம். அதற்குப் பிறகு கடைசிப் பல்லவி ஒரு கட்டை மேலே போகும். அதே வார்த்தை, அதே மெட்டு. தரை மட்டும் ஒரு படி உயர்ந்துவிடும். கேட்கிறவன் வயிற்றுக்குள் லிஃப்ட் கிளம்பியதுபோல் இருக்கும்.

இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் கண்டுபிடித்தது வேறு. எனக்கு மிகப் பிடித்த முப்பத்தெட்டுப் பாடல்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றிலும் எனக்கு உடம்பு சிலிர்த்த நொடியைக் குறித்துவைத்தேன். மூன்று நிமிடம் நாற்பத்தொரு நொடி, நான்கு நிமிடம் இரண்டு நொடி, இப்படி. முப்பத்தாறு பாடல்களில் அது ஒரே இடமாக இருந்தது. கடைசிப் பல்லவியில், ஏறிய கட்டையில், ஏதோ ஒரு வார்த்தையில் குரல் பாடுகிறவனின் கையை விட்டுப் போய்விடுகிறது. துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அரை நொடிகூட இருக்காது. அதற்குக் ‘கிழிசல்’ என்று பெயர் வைத்தேன். நடிப்புக் கிழிசல் உண்டு, நிஜக் கிழிசல் உண்டு. நடிப்பில், கிழிந்த மறுகணமே குரல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். நிஜத்தில் பாடுகிறவன் பயந்துபோயிருப்பான். அந்தப் பயம் நமக்குக் கேட்கும். பவர் பேலட்டின் இலக்கணம் என்ன என்று என்னைக் கேட்டால் அந்தப் பயம்தான். மற்றதெல்லாம் அது வந்து உட்காரப் போட்டுவைக்கும் நாற்காலி.

மீதி இரண்டு பாடல்கள் எனக்கு ஏன் பிடித்தன என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் குழுவில் நான்கு பேர். கிதார் வாசிப்பவன் கம்பி. ஆளும் அப்படித்தான் இருப்பான். டிரம்மர் மத்தளம். நான் எதற்கும் விளக்கம் சொல்வதால் என்னை வாத்தி என்பார்கள். பாடுகிறவன் சோப்பு. குரல் அவ்வளவு சுத்தம், அவ்வளவு வழுக்கல், எந்த ஸ்வரத்திலும் அழுக்கு ஒட்டாது. அரங்கத்துக்குப் பின்னால் உடைந்த தேர்வு மேசைகளை அடுக்கிவைத்திருக்கும் அறையில் மதிய இடைவேளையில் பயிற்சி செய்வோம். நாங்கள் வாசிக்கும்போது மேசைகளில் ஒன்று கூடவே நடுங்கும். எது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று வருடத்தில் ஒன்பது போட்டிகள். ஒன்பதிலும் பங்கேற்புச் சான்றிதழ். கடைசியாக ஒரு போட்டி மிச்சமிருந்தது, கல்லூரிகளுக்கு இடையிலானது. அதற்குப் பிறகு பரீட்சை. பரீட்சைக்குப் பிறகு சித்தப்பாவின் டைல்ஸ் கடை. அங்கே எனக்காக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். அதன் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார், இரண்டு கோணங்களில். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது போனை எடுத்து அந்த நாற்காலியைப் பார்ப்பேன். சுழலும் நாற்காலி. அதில் முப்பத்தைந்து வருடம் சுழலலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை, ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு உடம்பு சிலிர்க்க வேண்டும், அது நான் எழுதிய பாட்டாக இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். அதிகமாகக் கேட்டதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை.

பாட்டின் பெயர் ‘கதவைச் சாத்திவிட்டுப் போ’. பிரிந்து போகிறவளிடம் பாடுவது.

“ஏன், உள்ள ஏசி ஓடுதா?” என்றான் மத்தளம்.

நான் ஸ்வரம் கொடுத்தேன். சோப்பு பாடினான். ஒரு குறை சொல்ல முடியாது, குறையே அதுதான். பாடி முடித்ததும் கம்பி கிதாரைக் கீழே வைத்தான்.

“மச்சான், அவ உன்னை விட்டுட்டுப் போறாடா. நீ என்னடான்னா, அண்ணே பார்சல் ரெடியான்னு கேக்கற மாதிரி பாடறே.”

“போகட்டுமேடா. போற எடத்துல நல்லாயிருந்தா சரி,” என்றான் சோப்பு.

அவன் சுபாவம் அது. ஒரு வாரம் அவனைச் சோகமாக்கப் பாடுபட்டேன். சோகப் படம் கூட்டிப் போனேன். அவன் நன்றாகத் தூங்கினான். அவன் காதலித்த பெண்ணிடம், இவன் உன்னைப் பற்றி அக்கறையில்லாமல் பேசுகிறான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் போய் நேராக அவனிடமே கேட்டுவிட்டாள். இருவரும் அரை மணி நேரம் சிரித்தார்களாம். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு ராக் இசை செய்ய முடியாது.

ஒருநாள் அவனுக்குச் சளி பிடித்திருந்தது. கடைசிப் பல்லவியில் ‘திரும்பிப் பார்க்காதே’ என்று ஒரு வரி வரும். ‘பார்’ என்ற இடத்தில் அவன் குரல் உடைந்தது. கால் நொடி இருக்கலாம். மத்தளம் அடிக்க மறந்துவிட்டான். கம்பி தலைநிமிர்ந்து பார்த்தான். என் இரண்டு கையிலும் மயிர் நட்டுக்கொண்டு நின்றது.

“சாரிடா, சளி,” என்றான் சோப்பு. மூன்று நாளில் சளி சரியாகிவிட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. சோகத்தை மனதில் தேடிக்கொண்டிருந்தேன். அது தொண்டையில் இருந்தது. அவன் எட்டக்கூடிய உயரத்துக்குச் சற்று மேலே பாட்டை வைத்துவிட்டால் போதும், மனசு தானாகப் பின்னால் வரும். மேலே ஏற்றுவோம் என்று கேட்டால் ஒப்புக்கொண்டிருப்பான். ஆனால் தெரிந்து ஏறுகிறவன் தயாராகி ஏறுவான். தயாரானவனிடம் பயம் இருக்காது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வருடமே நான் ஏற்படுத்தியது. பயிற்சி தொடங்கும்போது நான் கீபோர்டில் ஒரு ஸ்வரம் கொடுப்பேன். கம்பி அதற்குத் தன் கிதாரை முறுக்கிக்கொள்வான். சோப்பு அதைக் கேட்டுப் பாடத் தொடங்குவான். கீபோர்டின் ஸ்வரம்தான் சட்டம். அதன் அமைப்புப் பட்டியலுக்குள் ஒரு எண் இருக்கிறது. உலகம் முழுக்க அது 440. அதை 466 வரை நகர்த்தினால் அரைக் கட்டை ஏறும். நான் ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு எண் ஏற்றினேன். இரண்டு எண்ணை மனிதக் காது கண்டுபிடிக்காது. பதின்மூன்று பயிற்சிகளில் அரைக் கட்டை. பிறகு வேறொரு பட்டன் மூலம் அந்த அரைக் கட்டையை நிரந்தரமாக்கி, எண்ணை மறுபடி 440க்குக் கொண்டுவந்து, மீண்டும் ஏறத் தொடங்கினேன். மொத்தம் ஒரு கட்டை என்பது என் திட்டம். பொறுமை வேண்டிய வேலை. என்னைப் பொறுமையில்லாதவன் என்று வகுப்பாசிரியர் எழுதியிருப்பதை இந்த இடத்தில் மறுக்கிறேன்.

கம்பியின் கிதார்க் கம்பிகள் அறுந்துகொண்டே இருந்தன.

“வாத்தி, மூணாவது கம்பிடா இது இந்த வாரம். ஏதோ கல்லுல கட்டி இழுக்கற மாதிரி டைட்டா இருக்கு.”

“வெயில்,” என்றேன்.

“வெயிலுக்கு எதுவும் விரியும்டா, இறுகாது.”

“அப்போ குளிர்.”

ஒருமுறை போனில் சுருதி பார்க்கும் செயலியை வைத்துப் பார்த்துவிட்டு, “இதுல வேற என்னமோ காட்டுதே,” என்றான். உன் போன் மைக்கில் தூசி என்றேன். ஊதித் துடைத்துவிட்டு, மறுபடி பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டான். அவனும் நானும் மூன்று வருட நண்பர்கள்.

நான்காவது வாரத்திலிருந்து சோப்பு இருமினான். முதலில் பயிற்சிக்குப் பிறகு, பிறகு பேசும்போதும். ஒரு வியாழக்கிழமை, நூலகப் படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர் இயந்திரம் இருக்குமே, அங்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டான். பாதிக் குரலில் பேசினான்.

“தொண்டை டாக்டர்கிட்ட போனேன்டா. பசங்ககிட்ட சொல்லாதே. குரல்நாண்ல ரத்தக்கட்டாம். கொப்புளம் மாதிரி.”

“எதனால?”

“ஓவரா கத்தியிருக்கேங்கறாரு. இல்ல டாக்டர், எப்பவும் பாடற பாட்டுதான்னேன். நம்பல. மேல் கட்டையெல்லாம் போனா அது ஒடைஞ்சிடுமாம். ஒடைஞ்சா குரல் திரும்பி வரும்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு.”

சோப்புக்குக் குரல் என்பது பாட்டு மட்டுமில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரயில் நிலைய அறிவிப்பாளர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். குரல் தேர்வு மட்டும் பாக்கி, அடுத்த மாதம். அவன் அம்மா ஒரு ஓட்டலின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறார். தினமும் அந்த ஸ்டேஷன் வழியாகத்தான் போகவேண்டும். மகன் வேலைக்குச் சேரும் முதல் நாள், பிளாட்பாரத்திலேயே நின்று அவன் குரலைக் கேட்டு ஒரு ரயிலை வேண்டுமென்றே தவறவிடப்போவதாக, கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். அப்பா இல்லாத வீடு. அவன் குரலைத் தவிர அந்த வீட்டில் எதிர்பார்க்க வேறொன்றும் இல்லை.

“அப்போ போட்டிக்கு வேற ஆளைப் பாக்கலாமா?” என்றேன். உண்மையாகவே கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

அவன் சிரித்தான். “போட்டிக்குப் பத்து நாள் இருக்கறப்ப எவன்டா வருவான்? உனக்கு டைல்ஸ் கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு வேணும்ல. ஒரே ஒரு வாட்டி பாடிட்டு மூணு வாரம் வாயைத் தைச்சுக்கறேன். ஆனா ஒரு கட்டை எறக்கிடேன். எறக்கினா தாங்கும்னு நெனைக்கிறேன். கம்பிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

“சொல்லவே வேண்டாம். கீபோர்டுலயே எறக்கிடறேன். அவன் அதுக்குத்தானே முறுக்கறான். யாருக்கும் தெரியாது.”

“அப்படிக்கூடப் பண்ண முடியுமா?”

“முடியும்.”

என் கையைப் பிடித்துக்கொண்டான். “நீ தெய்வம்டா,” என்றான். அவன் கை ஈரமாக இருந்தது, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததால்.

அன்று மாலையே அறைக்குப் போனேன். வாக்குக் கொடுத்தபடி இறக்கினேன். அசலிலிருந்து ஒரு முழுக் கட்டை இறக்கி, பாட்டை முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். வாசிக்க மூன்று நிமிடம் பிடித்தது. பல் மருத்துவர் அறையில் காத்திருப்பவர்களுக்குப் போடும் இசைபோல் இருந்தது. கடைசிப் பல்லவி ஏறியும் ஏறாத மாதிரி இருந்தது. மேசைகூட நடுங்கவில்லை. போனை எடுத்து நாற்காலியைப் பார்த்தேன். பிறகு எண்ணை முன்பிருந்த இடத்துக்கே கொண்டுபோய், அன்றைய பங்கான இரண்டையும் ஏற்றினேன்.

ஆக, இறக்கினேன் என்று நான் அவனிடம் சொன்னது பொய் இல்லை. மூன்று நிமிடம் இறங்கித்தான் இருந்தது.

அடுத்த பயிற்சியில் சோப்பு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் ஸ்வரம் கொடுத்தேன். கம்பி முறுக்கினான். கிதார்க் கம்பி ஒன்று அறுந்தது. சோப்பு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். இறக்கினால் கம்பி தளரத்தானே வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம். “பழைய ஸ்டாக்கா இருக்கும்,” என்றேன். அவன் தலையாட்டினான். பாடத் தொடங்கினான்.

கடைசிப் பல்லவிக்குப் பிறகு சுவரில் சாய்ந்து நின்றான். மற்ற இருவரும் சாப்பிடப் போன பின் கேட்டான்.

“எறக்கிட்டே இல்ல?”

“எறக்கிட்டேன்.”

“எறக்கியுமே இவ்ளோ கஷ்டமா இருக்கேடா. அவ்ளோ கெட்டுப்போச்சா?”

“போகப் போகப் பழகிடும்.”

“பயமா இருக்குடா வாத்தி,” என்றான்.

மேடம், நீங்கள் என்னை என்னவேண்டுமானாலும் நினையுங்கள். அந்த நொடி எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாக அவன் ஒரு பாட்டைப் புரிந்துகொண்டிருந்தான். எதையோ விட்டுக் கொடுக்கப்போகிறவனின் குரல் அது. ‘போகாதே’ என்று அதில் வராது. ‘போ’ என்றுதான் வரும். அதை எப்படிப் பாட வேண்டும் என்று அவனுக்கு நான் எத்தனை விளக்கம் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் பயன்படவில்லை. இப்போது விளக்கமே தேவைப்படவில்லை. அந்த நாட்களில் அவன் வீட்டில் பேசுவதில்லை, காதலியிடம் பேசுவதில்லை, வகுப்பில் வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்குவான். இருந்த குரல் முழுவதையும் சேர்த்துவைத்துப் பயிற்சிக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொரு நாளும் அதைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போனதுபோல் எனக்குத் தோன்றும்.

போட்டி ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. வேறொரு கல்லூரியின் கூடம். எங்களுக்கு முன்னால் பாடிய குழு தாவிக் குதித்து மேடையில் ஒரு பலகையைப் பெயர்த்துவிட்டதால், அதை அடித்துச் சரிசெய்யும்வரை நாங்கள் திரைக்குப் பின்னால் நின்றோம். சோப்பு வெந்நீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். என் காதருகே வந்து காற்றாகக் கேட்டான்.

“இன்னும் அரைக் கட்டை எறக்க முடியுமா?”

“சரி,” என்றேன்.

மேடைக்குப் போய்ப் பட்டியலைத் திறந்தேன். இரண்டாவது சுற்றில் அன்று வரவேண்டிய எண் 466. முந்தைய நாள் 464இல் விட்டிருந்தேன். ஏற்றினேன். சோப்பு தூரத்திலிருந்து என் கை பட்டனில் இருப்பதைப் பார்த்து, நன்றியோடு தலையை அசைத்தான்.

முதல் சரணம் காதருகே பேசுவதுபோல் வந்தது. வேறு மாதிரி பாட அவனிடம் குரலும் இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் போனை இறக்கி மடியில் வைத்தாள். இரண்டாவது பல்லவியில் மத்தளம் உள்ளே விழுந்தான். கம்பி அழுதான், கிதாரில்தான். பிறகு நிசப்தம். ஒன்றரை நொடி. சோப்பு மூச்சை இழுக்கும் சத்தம் மைக்கில் கேட்டது. அந்த மூச்சில் ஒரு சொரசொரப்பு இருந்தது. பிறகு, ஏற்கெனவே அசலுக்கு ஒரு கட்டை மேலே நின்றிருந்த பாட்டை, விதிப்படி, இன்னொரு கட்டை ஏற்றினேன்.

‘திரும்பிப் பார்க்காதே’ என்பதில் அது நடந்தது. கால் நொடி இல்லை. அது தொடங்கி, நிற்கவே இல்லை. வரி முழுவதும் கிழிந்துகொண்டே போனது. அவன் கண்கள் பெரிதாகிவிட்டன. கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் நிறுத்தவில்லை; மீதி நான்கு வரிகளையும் பாடினான். பாடினான் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. குரல் வேறெங்கோ போயிருந்தது, வார்த்தை மட்டும் வந்துகொண்டிருந்தது. கூடம் எழுந்து நின்றது. எல்லாரும் நின்றார்கள். மேடையைச் சரிசெய்த தச்சர்கூட சுத்தியலோடு நின்றார். நான் வாசித்துக்கொண்டே அவர்களைப் பார்த்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

முதல் பரிசு எங்களுக்கு.

திரைக்குப் பின்னால் சோப்பு கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தான். அதில் கொஞ்சம் சிவப்பு இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை திறந்தான். பிறகு போனில் தட்டச்சு செய்து என்னிடம் காட்டினான். ‘நீ எறக்கிக் குடுத்ததாலதான் முடிக்க முடிஞ்சுது. தேங்க்ஸ்டா.’

நடுவர்கள் கொடுத்த குறிப்புத்தாளில் ஒரு வரிதான் இருந்தது: ‘பாடகரின் கடைசி நிமிடம் மறக்க முடியாதது, பாடல் சாதாரணம்.’ நடுவர்களில் ஒருவர் விளம்பரப் பாட்டுகள் எழுதுகிறவர் என்று பிறகு தெரிந்தது. பொறாமை எல்லாத் துறையிலும் இருக்கிறது.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. கொப்புளம் உடைந்து, குரல்நாணில் வடு விழுந்துவிட்டது. ஒரு அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது அவன் பேசினால் தாளைக் கசக்குவதுபோல் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். ரயில் நிலையக் குரல் தேர்வுக்குப் போனான். போய், வரிசையில் நின்று, தன் முறை வரும்போது திரும்பி வந்துவிட்டான். அவன் காதலித்த பெண் கொஞ்ச நாள் வந்தாள். அவள் பேசுவாள், இவன் எழுதுவான். பிறகு அவனே வரவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நான் வாராவாரம் அவன் வீட்டுக்குப் போகிறேன். டைல்ஸ் கடையில் ஞாயிறு விடுமுறை. அவன் அம்மா கதவைத் திறக்கும்போதே, “வா தம்பி. நீ ஒருத்தன்தான் மறக்காம வர்றே,” என்பார். ஒருநாள் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

“அன்னிக்குப் பாடினானே, அது உன்கிட்ட இருக்கா?”

அனுப்பினேன். வேலைக்குப் போகும் வழியில் ஸ்டேஷனில் நின்று கேட்கிறாராம். “மொத ரெண்டு வரிதான் தம்பி கேப்பேன். மேளம் வர்றதுக்குள்ள நிறுத்திடுவேன். அதுக்கப்புறம் அது அவன் இல்ல.” பவர் பேலட்டின் அமைப்பு அவருக்குத் தெரியாது. நான் விளக்கவில்லை.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவனுக்குக் குரல் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வருகிறார். முதல் நாளே, உடைந்தபோது எந்தக் கட்டையில் பாடினான் என்று கேட்டார். சோப்பு என்னைக் கை காட்டினான். அசலிலிருந்து ஒன்றரைக் கட்டை கீழே என்றேன். அந்த அம்மா முகம் மாறியது. அவ்வளவு கீழே பாடியே உடைந்தது என்றால் இது கத்தியதால் வந்ததில்லை, நரம்புத் தளர்ச்சியாகத்தான் இருக்கும் என்றார். அதற்கு ஏற்ற பயிற்சி கொடுத்தார். இரண்டு கையாலும் சுவரைத் தள்ளிக்கொண்டே, முடிந்த அளவு பலமாக ‘ஆ’ என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. நான் படித்துப் பார்த்த வரையில், கத்திக் கெட்ட தொண்டைக்கு இந்தப் பயிற்சி ஆகவே ஆகாது. ஒவ்வொரு வாரமும் குரல் இன்னும் கொஞ்சம் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்கிறேன். முப்பதுக்கு மேல் அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். நிறுத்தலாமா என்று பார்ப்பான். இன்னும் பத்துதான்டா என்பேன்.

இந்தத் தாள்களை வைத்து நீங்கள் எனக்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். புல்லாங்குழல் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதில் உள்ள எதுவும் சோப்புக்கோ அவன் அம்மாவுக்கோ அந்தப் பயிற்சிக்கார அம்மாவுக்கோ தெரிய வேண்டாம். தனக்காக ஒருத்தன் கட்டையை இறக்கிக் கொடுத்தான் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். அவனிடம் இப்போது மிச்சமிருப்பது அந்த ஒரு நம்பிக்கைதான். அதையும் பிடுங்கிக்கொள்ளும் அளவுக்குக் கல்நெஞ்சம் எனக்குக் கிடையாது.